கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள்

எருத்தேன்பதி
(கொழிஞ்சாம்பாறை வழி)
12-4-1974

மூணாறு பஜார் போட்டோக் கடைக்காரர் மூலமாக, அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் படமாக இருந்த அம்மிணிக்கு,

உங்க பேரு எனக்குத் தெரியாதுங்க. என்ற பேரு மருதாத்தாள். உங்களை நான் பாத்ததில்லை, நீங்களும் என்னையப் பாத்திருக்க மாட்டீங்க. ஆனா உங்க படத்தால இப்ப நான் என்ற அண்ணன் ஊட்டுல வந்து உக்காந்துட்டு இருக்கறேன். கோவத்துல எழுதறேன்னு நெனைக்காதீங்க. கோவந்தான், ஆனா உங்க மேல இல்லைங்க.

என்னையக் கட்டிக் குடுத்தது வேலந்தாவளம் பக்கம். புருசன் பேரு நஞ்சப்பன். தென்னையும் கடலையும் வெச்சிருக்கற குடும்பம். அவரோட அண்ணன் ரத்தினசாமி, என்ற மச்சாண்டார், மாசி மாசம் மாட்டுப்பட்டிப் பண்ணையில சீமை மாடு பாக்கப் போனாரு. திரும்பி வாற வழியில மூணாறு பஜாருல ஒரு படம் பாத்திருக்காரு. அச்சு அசல் நானே உக்காந்திருக்கறேன், பக்கத்துல யாரோ ஒரு ஆம்பளை. கடைக்காரர்கிட்ட நம்ம சொந்தக்காரப் புள்ளைன்னு சொல்லி அதை வாங்கீட்டு வந்துட்டாரு.

நான் தை மாசம் பூரா என்ற அண்ணன் ஊட்டுலதான் இருந்தேன். அண்ணன் சம்சாரம் பூவாத்தாளுக்குப் பிரசவம். அந்த மாசத்துலதான் நான் எவன்கூடவோ மூணாறுக்குப் போயிட்டேன்னு இப்ப பேச்சு. என்ற அண்ணன் பொங்கியண்ணன் சத்தியம் பண்ணிச் சொன்னாரு. கூடப் பொறந்தவன் அப்பிடித்தான் சொல்லுவான்னு தள்ளிட்டாங்க. என்ற புருசன் அந்தப் படத்தைக் கையில வாங்கிப் பாத்தாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. ரண்டு நாள் கழிச்சு, வந்து கூட்டீட்டுப் போங்கன்னு என்ற அண்ணனுக்கு ஆள் உட்டாரு.

நாலு வயசுல எனக்கு ஒரு மக இருக்கறா, வள்ளியாத்தாள். அவளை என்கூட அனுப்பலை. ஆவணியில அவருக்கு வேற பொண்ணு பாக்கறாங்கன்னு கேள்வி. அதுக்குள்ள நான் என்ற ஊட்டுக்குப் போவோணும். படத்து முதுகுல கடை முத்திரையைப் பாத்து வெச்சிருந்தேன், அதை வெச்சுத்தான் எழுதறேன். நீங்க வேற, நான் வேறன்னு ரண்டு வரி எழுதிப் போட்டீங்கன்னா போதும்.

கடைக்காரரே, நீங்க இதைப் பிரிச்சுப் படிச்சாலும் பரவாயில்லை. அந்த அம்மிணி கையில சேத்தீருங்க.

மருதாத்தாள்


மூணாறு
மேல் டிவிஷன், பத்தாம் நம்பர் லயம்
27-4-1974

மருதாத்தாள் அவர்களுக்கு,

என் பேரு கத்தரீனாள். உங்க கடுதாசிய ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பஜாருக்குப் போனப்ப கடைக்காரர் கொடுத்தார். பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் கொடுத்தார். எனக்கு முந்தி அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

நீங்க வேற, நான் வேற. எழுதிட்டேன். இனி என் வழக்கக் கேளுங்க.

என் பக்கத்துல உக்காந்திருக்கது யாரோ ஒரு ஆம்பளை இல்ல, என் வீட்டுக்காரர் சுவக்கீன். வேதக்கோயில்ல பாதிரியார் முன்னாடி வச்சு தாலி கட்டினவர். அவங்க அம்மைக்கு உடம்பு சொகமில்ல, கல்யாணத்துக்கு நாங்குநேரியில இருந்து வர முடியல. அவுகளுக்கு அனுப்பத்தான் படம் எடுத்தோம். கடைக்காரர் நல்லா விழுந்திருக்குன்னு பெருசா ஒண்ணு போட்டு பெட்டியில வச்சார். எங்க லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க சந்தைக்குப் போகையில எல்லாம் நின்னு பாத்துட்டு வருவாளுக. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்? மாசிக்குப் பொறவு ஒருநாள் போனா பெட்டி காலி. எவரோ பாலக்காட்டு ஐயா கொண்டு போயிட்டார்ங்கார். என் மூஞ்சி, என் புருசன் மூஞ்சி, எங்கள ஒரு வார்த்தை கேக்கல. முன்னப் பின்ன தெரியாத ஆம்பளை கையில என் படம் ஊரு சுத்துது. உங்களுக்கு நடந்தது அநியாயம்னா இது என்ன?

சுவக்கீன் சிரிக்கார். ஒருத்தர் மாதிரி ஒலகத்துல ஏழு பேரு உண்டும், உன் கூட்டாளி ஒருத்தி கெடச்சிட்டாங்கார். மத்த அஞ்சு பேரும் எந்தெந்த ஊர்ல என்ன பாடு படுதாளுகளோ.

உங்க பிள்ளைய நெனச்சாத்தான் மனசு கேக்கல.

கத்தரீனாள்


எருத்தேன்பதி
8-5-1974

கத்தரீனாள் அம்மிணிக்கு,

உங்க கடுதாசியை என்ற அண்ணன் வேலந்தாவளத்துக்கே கொண்டு போய்ப் படிச்சுக் காட்டினாரு. மச்சாண்டார், யார் வேணா யார் பேருலயும் எழுதலாம்னு சொல்லிட்டாரு.

உங்க படத்தை எடுத்துட்டு வந்தது தப்புத்தானுங்க. அதை நான் நெனைக்கவே இல்லை. என்ற கஷ்டமே பெருசாத் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூஞ்சி மட்டும்னா சாயல்னு உட்டிருப்பாங்க. அந்த மச்சந்தான் என்னையக் கெடுத்துப்போட்டுது. எனக்கு வலது கன்னத்துல, ஒதட்டுக்குப் பக்கத்துல, மொளகு அளவுல ஒரு மச்சம். படத்துலயும் அதே எடத்துல இருக்குது. மூஞ்சி ஒண்ணாருக்கலாம், மச்சமுமா ஒண்ணாருக்கும்னு கேக்கறாங்க. எனக்கே பதில் தெரியலீங்க. ராத்திரிக்கு ராத்திரி யோசிச்சு, நாந்தான் நெனவு தப்பி எங்காவது போயிட்டு வந்துட்டனான்னுகூட நெனைச்சுட்டேன். உங்களுக்கு அந்த மச்சம் நெசமாவே உண்டுங்களா? படத்துல விழுந்த கறையா?

மருதாத்தாள்


மேல் டிவிஷன்
20-5-1974

மருதாத்தா அக்காவுக்கு,

வயசு எத்தனைன்னு எழுதல. எனக்கு இருபத்தஞ்சு. உங்களுக்கு நாலு வயசுல பிள்ளை இருக்கதால அக்கான்னே வச்சுக்கிட்டேன்.

மச்சம் உண்டும். ஆனா எனக்கு இடது கன்னத்துல! உங்க கடுதாசியப் படிச்சுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு, வலது எது இடது எதுன்னு கொழம்பி, கடைசியில சோறு திங்குற கைய வச்சுப் பாத்தேன். இடதுதான். சுவக்கீனையும் கேட்டேன். கண்ண மூடிட்டுச் சொன்னார், இடதுன்னு.

அப்ப படத்துல எப்படி வலதுக்குப் போச்சு? எங்ககிட்ட இருக்க சின்னப் படத்தப் பாத்தா அதுல இடதுலதான் இருக்கு. நேரா பஜாருக்குப் போயி கடைக்காரரப் பிடிச்சேன். மொதல்ல மழுப்பினார். நான் சத்தம் போட்டதும் பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் எட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க, அப்பதான் உண்மைய சொன்னார். படம் எடுக்கையில நாங்க இடம் மாறி உக்காந்துட்டோமாம். பொஞ்சாதி புருசனுக்கு இடது பக்கம்தான உக்காரணும், நான் வலது பக்கம் உக்காந்திருக்கேன். அவரும் கவனிக்கல. பெரிய படம் போடையில எவரோ பெரியவர் பாத்து, இதென்னய்யா தப்பா உக்கார வச்சிருக்கன்னாராம். உடனே பிலிமப் பொரட்டிப் போட்டு அடிச்சிட்டார். நான் இடது பக்கத்துக்கு வந்துட்டேன், என் மச்சம் வலது பக்கத்துக்குப் போயிட்டு. சாஸ்திரத்தக் காப்பாத்துறேன்னு உங்க குடியக் கெடுத்திருக்கார் மனுசன்.

இனி நீங்க செய்ய வேண்டியது இது. உங்க மச்சாண்டார் கையில இருக்க படத்துல சுவக்கீன் சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. வலது பக்கம் இருக்கும். ஒலகத்துல எவனுக்காவது சட்டைப்பை வலது பக்கம் உண்டுமா? சரியான படம் ஒண்ணு கடைக்காரர் சும்மாவே போட்டுத் தந்தார், தராம எங்க போவார். இதோட வச்சிருக்கேன். கொண்டு போய்க் காட்டுங்க.

கத்தரீனாள்


எருத்தேன்பதி
16-6-1974

கத்தரீனாளுக்கு,

படம் பத்திரமா வந்துச்சு. பூவாத்தாள் அதை என்ற மூஞ்சிக்கு நேரா புடிச்சுப் பாத்துட்டு, மூணு மாசத்துல இப்பத்தான் வாய் உட்டுச் சிரிச்சா.

அண்ணன் ரண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. சட்டைப்பையையும் காட்டினாரு. மலையாளத்துத் தையக்காரன் எந்தப் பக்கம் வேணாலும் பை வெப்பான்னு மச்சாண்டார் சொல்லிப்போட்டாரு. எந்தப் படம் நெசம், எதைப் பொரட்டினதுன்னு யாருக்குத் தெரியும்னாரு. அவரு மாடு பாத்தா சுழியிலிருந்து குளம்பு வரைக்கும் சொல்லுவாரு. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க மட்டும் தெரியாது.

கடைசியா ரண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, நான் மாரியம்மன் கோயில்ல ஊர்முன்னால எரியற கற்பூரத்தைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணோணும். இல்லாட்டி அந்தப் பொம்பளை நேருல வரோணும். கற்பூரத்தை அணைக்க மாட்டேன்னு சொல்லீட்டேன். தப்புப் பண்ணுனவதான் கையை நீட்டோணும், நான் எதுக்குங்க நீட்டறேன்?

அதனால நீ வரோணும். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு பஸ் இருக்குதாம். அங்கிருந்து பொள்ளாச்சி, அப்பறம் கொழிஞ்சாம்பாறை. போக வர பஸ் காசு அண்ணன் குடுத்துருவாரு. உனக்கு ஒரு நல்ல சேலையும் எடுத்து வெச்சிருக்கறேன்.

மருதாத்தாள்


மேல் டிவிஷன்
28-6-1974

மருதாத்தாள் அவர்களுக்கு,

சேலை எங்க ஊர் பஜார்லயும் விக்காங்க.

நான் கூலிக்கு வந்து மூஞ்சி காட்டுற ஆளுன்னு நெனச்சிட்டீங்களா? உங்களுக்காக ஒரு நாள் பெரட்டுக்குப் போகாம, அன்னைக்குக் கூலிய விட்டுட்டு கடைக்காரர்கிட்ட மல்லுக்கட்டினேன். காசுக்கா செஞ்சேன்? இப்ப இங்க தேயிலைக் கொழுந்து மும்முரம். மழை வேற கொட்டுது, மறையூர் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு. கங்காணிகிட்ட லீவு கேட்டா எவ செத்தாங்கார்.

இன்னொண்ணும் கேக்கணும். எங்கப்பன் ஆத்தா எந்த ஊரு, என்ன ஆளுகன்னு நீங்க ஒரு கடுதாசியிலயும் கேக்கல. கேக்காததுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் அங்க வந்தா எங்க உக்காருவேன்? உங்க வீட்டுக்குள்ளயா, மாட்டுக்கொட்டாயிலயா? உங்க மூஞ்சி என் மூஞ்சியா இருக்கதால எனக்கு உங்க வீட்டுக்குள்ள பாய் விரிப்பாங்களா?

சுவக்கீனுக்கு வேற பயம். படத்துல இருந்த ஆம்பளை இவன்தான்னு கட்டி வச்சு அடிச்சா யார் கேப்பாங்கார். நியாயம்தான.

கத்தரீனாள்


எருத்தேன்பதி
7-7-1974

கத்தரீனாளுக்கு,

சேலைன்னு எழுதினது தப்பு. எழுதறப்பவே கை கூசிச்சு. எங்க பக்கம் யாரையாச்சும் வரச்சொன்னா வெறுங்கையோட அனுப்பற வழக்கமில்லை, அந்தப் பழக்கத்துல எழுதீட்டேன்.

உக்கார்ற எடத்தைக் கேட்டே. பொய் சொல்ல மாட்டேன். இங்க என்ற அண்ணன் ஊட்டுல என்ற பக்கத்துல உக்காந்து சாப்பிடுவே. பூவாத்தாள் மூஞ்சியைச் சுழிச்சா, நானும் உன்கூட வெளியில வந்து உக்காருவேன். வேலந்தாவளத்துல உன்னை வாசல்லதான் நிக்க வெப்பாங்க. தண்ணி கேட்டா தனி டம்ளருல குடுப்பாங்க. அதை மாத்தற அதிகாரம் எனக்கு அந்த ஊட்டுல இருந்திருந்தா, என்னையே இப்பிடித் தொரத்தியிருக்க மாட்டாங்க.

சுவக்கீன் தம்பி மேல ஒரு விரல் படாது. அண்ணன் பொறுப்பு.

இத்தனையும் தெரிஞ்சு நீ வரலைன்னாலும் எனக்கு வருத்தமில்லைன்னு எழுத நெனைச்சேன். அதுவும் பொய்தான். வருத்தம் இருக்கும். வள்ளியாத்தாளுக்கு அம்மை போட்டு எறங்கிடுச்சுன்னு பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிட்ட இருந்து வேப்பிலை போடக்கூட என்னைய உடலை.

மருதாத்தாள்


மேல் டிவிஷன்
16-7-1974

அக்காவுக்கு,

27-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கொழிஞ்சாம்பாறையில வந்து எறங்குவோம். சுவக்கீனும் வாறார். பஸ் காசு எங்களோடது. கங்காணிகிட்ட மாமியாருக்குச் சொகமில்லன்னு சொல்லியிருக்கேன், அதுல பாதி உண்மைதான்.

பிள்ளைக்கு அம்மை போட்டத மொதல்லயே எழுதியிருந்தா இத்தனை வீறாப்பு பேசியிருக்க மாட்டேன்.

கத்தரீனாள்


மேல் டிவிஷன்
3-8-1974

அக்காவுக்கு,

நல்லபடியா வந்து சேந்தோம். வால்பாறைப் பக்கம் எங்கயோ பாலம் போயிட்டுன்னு உடுமலைப்பேட்டையில கூட்டம், நின்னுக்கிட்டே வந்தேன். பூவாத்தா அக்கா கட்டிக் கொடுத்த கச்சாயப் பலகாரம் மறையூர் தாண்டையில தீந்துட்டு. எனக்கு ரெண்டு, மிச்சமெல்லாம் சுவக்கீன். உங்க அண்ணன் வீட்டுல நீங்க சொன்ன மாதிரியே பக்கத்துல உக்கார வச்சுச் சோறு போட்டீங்க. பூவாத்தா அக்கா மூஞ்சி லேசா சுழிச்சதும் உண்மை. ரெண்டாவது தடவை சோறு போடையில சரியாயிட்டு. நான் கணக்குல எடுத்துக்கல.

மறுநாள் வேலந்தாவளத்துல உங்க மச்சாண்டார் என் தாடையப் பிடிக்காத கொறையா, அங்கிட்டுத் திரும்பு இங்கிட்டுத் திரும்புன்னு பாத்தாரே, மாட்டுச் சந்தையில நிக்க மாதிரிதான் இருந்துச்சு. வால் ஒண்ணுதான் இல்ல. உங்களையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சதும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி, "அட, இவ ஒரு பிடி ஒசரமில்ல?"ன்னா பாருங்க. அதுக்குப் பொறவு எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சிட்டு. இவளுக்கு மூக்கு வேற, அவளுக்கு நெத்தி வேறன்னு ஆளாளுக்குச் சொல்லுதாங்க. அஞ்சு மாசமா எங்க போச்சு இந்தக் கண்ணெல்லாம்? எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உங்க மொகத்தப் பாத்து அடக்கிட்டேன்.

வாசல்ல நிக்க வச்சதும் தனி டம்ளரும் நீங்க எழுதினபடியே நடந்துச்சு. முன்னாடியே எழுதாம இருந்திருந்தா அங்ஙனயே திரும்பியிருப்பேன்.

இனி எழுதப்போறத எழுதலாமா வேண்டாமான்னு அஞ்சு நாளா யோசிச்சேன். சுவக்கீன் வேண்டாங்கார். நல்லபடியா முடிஞ்சத கிளறாதங்கார். எனக்குன்னா மறைச்சு வைக்க முடியல.

அன்னைக்கு நீங்க, அவுகளாக் கூப்பிடாம ஊருக்குள்ள வரமாட்டேன்னு சொல்லி, ஆள் வந்து கூப்பிடுத வரைக்கும் எல்லைப் பிள்ளையார் கோயில்லயே நின்னுட்டீங்க. உங்க அண்ணன் உங்களுக்குத் தொணை நின்னார். நானும் சுவக்கீனும் முன்னால போனோம். கிணத்து மேட்டுல உங்க வீட்டுக்காரர் பம்புசெட்டுக்குப் பக்கத்துல நின்னார், அவர் காலைக் கட்டிக்கிட்டு உங்க மக நின்னா. அவர் என்னைப் பாத்தார். பத்தடி தூரம்கூட இல்ல. என் தாலிச் சிலுவை சேலைக்கு வெளியதான் தொங்கிச்சு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கூப்புடாம எதுக்குடி வந்தே? அவனையும் கூட்டீட்டு வந்திருக்கறயா?"ன்னார்.

நான் சுவக்கீன் பக்கமா தள்ளி நின்னேன். அந்தப் பிள்ளைதான் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அப்பா, இது ஆரு?"ன்னு கேட்டுச்சு.

அதுக்கப்புறம் அவர் மொகம் போன போக்க நான் எழுதல. எல்லார் முன்னாடியும் வச்சு சொல்லாம விட்டது உங்களுக்காகத்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறையில பஸ்ஸ விட்டு எறங்கையில நீங்க தூரத்துல நின்னீங்க. நான் சுவக்கீன சீண்டிப் பாக்கணும்னு, "பாரும், நான் அங்ஙன நிக்கேன்"னேன். அவர் ஒரு பார்வை பாத்துட்டு, "சாயல் இருக்கு. அவ்வளவுதான்"ன்னு சொல்லிட்டு மூட்டைய எடுக்கப் போயிட்டார்.

போகணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

கத்தரீனாள்


வேலந்தாவளம்
20-9-1974

கத்தரீனாளுக்கு,

மேல எழுதியிருக்கற ஊரைப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும். வந்துட்டேன். இன்னியோட பதினாறு நாளாச்சு.

உன்ற கடுதாசி வந்தப்ப வள்ளியாத்தாள் என்ற மடியில படுத்திருந்தா. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே அவளை என்கிட்ட உட்டுட்டாங்க. படிச்சுட்டு நான் அழுகலை. நீ எழுதினதுல கோவமும் இல்லை. எனக்கு அது முன்னாலயே தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு நெனைக்கறேன். அந்தப் படத்தை அவரு கையில வாங்கிப் பாத்தாரே, அன்னிக்கு மச்சாண்டார் சொன்னதை நம்பினாருன்னு நெனைச்சுட்டு இருந்தேன். அவரு கண்ணைத்தான் நம்பியிருக்காரு. அந்தக் கண்ணுல நான் அவ்வளவுதான் இருந்திருக்கறேன்.

அண்ணன் இங்கயே இரு தாயின்னு சொன்னாரு. பூவாத்தாளும் சொன்னா, மனசாரத்தான் சொன்னா. நான் ஆவணி பொறக்கற வரைக்கும் பதிலே சொல்லலை. கூப்பிட ஆள் ஆளா வந்தாங்க. மொதல்ல மாமியார் சரஸ்வதியம்மாள், அப்பறம் ஊர்ப் பெரியவங்க. யார் வாயால என்ற பேரு கெட்டுச்சோ அவரு வரட்டும்னேன். கடைசியில மச்சாண்டாரே வந்தாரு. என்னையப் பேசினாங்களே, அதே ஆளுக முன்னால, நான் பாத்தது தப்புன்னு அவரு சொல்லோணும்னேன். கோயில் வாசல்ல வெச்சுச் சொன்னாரு. என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லலை, அங்க கட்டியிருந்த காளையைப் பாத்துச் சொன்னாரு. எல்லாருக்கும் காது கேட்டுச்சு, எனக்கு அது போதும். உங்க படத்தையும் அவருகிட்டயிருந்து வாங்கீட்டேன். இதோட வெச்சிருக்கறேன்.

அப்பறந்தான் என்ற புருசன் தனியா வந்தாரு. கெணத்துமேட்டுல கத்தரீனாளை ஆருன்னு நெனைச்சீங்கன்னு கேட்டேன். உனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கலை. வெய்யில் கண்ணைக் கூசிச்சுன்னாரு. ஆடி மாசத்து மப்புல எங்கிருந்துங்க வெய்யில் வந்துச்சுன்னேன். நின்னுட்டேதான் இருந்தாரு. நான் உக்காருங்கன்னு சொல்லலை.

ஏன் வந்தேன்னு நீ கேப்பே. அவரு கூப்பிட்டாருன்னு வரலை. இது என்ற ஊடு. ஏழு வருசம் நான் சாணி வழிச்ச வாசல், நான் தண்ணி கட்டின தென்னை. என்ற மக ஓடியாடற எடம். நான் தப்புப் பண்ணாம எதுக்கு அண்ணன் ஊட்டு மூலையில உக்காந்து காலத்தைத் தள்ளோணும்? அங்கயே இருந்துட்டா, ரத்தினசாமி சொன்னது நெசம்னுதான் நாளைக்கு என்ற மகளுக்குச் சொல்லுவாங்க.

நீ வந்தா இந்த ஊட்டுக்குள்ள உக்கார வெக்கறேன்னு இன்னும் எழுத முடியலை. மாமியார்கிட்ட ஒருக்கா பேச்சை எடுத்தேன், எந்திரிச்சுப் போயிட்டாங்க. மறுபடியும் எடுப்பேன். அதுவரைக்கும் நான் மூணாறுக்கு வாறேன். உங்க லயத்துல எனக்குப் பாய் இருக்கும்னு தெரியும்.

இங்க ஒண்ணு நடக்குதும்மா, உன்கிட்டத்தான் சொல்ல முடியும். நான் வந்த நாள்லிருந்து அவரு என்னையவே பாத்துட்டு இருக்காரு. சோறு போடறப்ப, மாட்டுக்குத் தண்ணி காட்டறப்ப, புள்ளைக்குத் தலை சீவறப்ப, வேலையைப் போட்டுட்டு நின்னு பாக்கறாரு. புதுசா ஒருத்தி ஊட்டுக்கு வந்த மாதிரி பாக்கறாரு. பாக்கட்டும்னு உட்டுட்டேன். நாந்தான் இந்தப் பதினாறு நாள்ல அவரு மூஞ்சியை ஒருக்காகூட நிமிந்து பாக்கலை.

அன்புள்ள அக்கா,
மருதாத்தாள்